கருந்தேளுக்குப் பெயர் மாறிய கதை

தமிழ்நாட்டில் விலங்கியல் படித்தவர்களுக்கு ஹெட்டரோமெட்ரஸ் என்ற பெயர் மறந்திருக்காது. கல்லூரி ஆய்வகத்து அலமாரியில், ஃபார்மலின் பாட்டிலுக்குள் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும் பெரிய கருந்தேள் அது. தெற்கத்திப் பக்கம் நட்டுவாக்காலி என்பார்கள். 2020இல் அந்தப் பாட்டில்களில் பெரும்பாலானவற்றின் லேபிள் காலாவதியாகிவிட்டது. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த லொரென்சோ பிரெந்தினியும் ஸ்டெஃபனி லோரியாவும் ஹெட்டரோமெட்ரஸ் என்ற ஒரே பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) ஏழாகப் பிரித்தார்கள். பழைய பெயர் பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியத் தேள்களோடு நின்றுவிட்டது. நம்மூர்த் தேள்கள் டெக்கானோமெட்ரஸ், சஹ்யாத்ரிமெட்ரஸ், கெர்சொனீசோமெட்ரஸ் என்று ஆளுக்கொரு பக்கம் போயின. உலகின் மிக நீளமான தேள்களில் ஒன்றான சுவாமர்டாமி, ஜைகாண்டோமெட்ரஸ் ஆனது. இலங்கைக்கென்றே ஸ்ரீலங்காமெட்ரஸ் என்று ஒரு பேரினம்.

வகைப்பாட்டியலாளர்களுக்குப் பெயர் மாற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மாற்றத்துக்குப் பின்னால் கொஞ்சம் வரலாறு இருக்கிறது. 1978இலும் 1981இலும் கௌசைன் என்ற டச்சு ஆய்வாளர், உடலமைப்பை மட்டும் பார்த்து, ஹெட்டரோமெட்ரஸுக்குள் பல உட்பிரிவுகள் இருப்பதாகச் சொன்னார். ஜைகாண்டோமெட்ரஸ், ஸ்ரீலங்காமெட்ரஸ் எல்லாம் அவர் வைத்த பெயர்கள்தான். 2004இல் செக் நாட்டு ஆய்வாளர் கொவார்ஷிக், இந்த உட்பிரிவுகளுக்கு ஆதாரம் போதாது என்று தள்ளிவிட்டார். 2020இல் டி.என்.ஏ.வையும் உடலமைப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது கௌசைனின் பிரிவுகள் திரும்பவும் எழுந்து வந்தன, அதுவும் தனிப் பேரினங்களாகவே. ஆக, ஒரே விலங்கைப் பார்த்து இரண்டு நிபுணர்கள் எதிரெதிர் முடிவுக்கு வந்த வழக்கில் மூன்றாவதாக ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தச் சாட்சி என்ன சொல்கிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

உருவத்தை நம்புவதில் என்ன சிக்கல்?

தேள் என்றால் குழந்தைகூட வரைந்து காட்டிவிடும். முன்னால் இரண்டு இடுக்கிகள், எட்டுக் கால், வளைந்த வால், நுனியில் கொடுக்கு. உருவவியல் ஆய்வாளரின் தலைவலியும் அதுவேதான். சுமார் 43 கோடி ஆண்டுக்கு முந்தைய, சிலூரியக் காலத்துத் தேள் புதைபடிவங்கள் ஸ்காட்லாந்திலும் கனடாவிலும் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்ததும் தேள் என்று சொல்லிவிட முடியும். இன்று பெயரிடப்பட்டுள்ள 2,500க்கும் மேற்பட்ட தேள் இனங்களும் இந்த ஒரே அச்சில் வார்த்தவை. பூச்சிகளில் வண்டு, வண்ணத்துப்பூச்சி, கொசு என்று பார்த்தவுடன் பிரித்துவிடலாம். தேளில் குடும்பத்துக்குக் குடும்பம் வித்தியாசம் கண்டுபிடிக்கவே நுண்ணோக்கி வேண்டும்.

அந்த நுண்ணோக்கியில் அவர்கள் பார்த்தது பெரும்பாலும் முடிகளை. தேளின் இடுக்கிக் கைகளில் மெல்லிய உணர்முடிகள் சில இருக்கும். காற்று லேசாக அசைந்தாலும் அவை அதிரும். பக்கத்தில் கரப்பான் ஓடினால் தேளுக்குத் தெரிவது இப்படித்தான். இந்த முடிகள் எத்தனை, எங்கெங்கே முளைத்திருக்கின்றன என்பதில் ஓர் ஒழுங்கு இருப்பதை பிரெஞ்சு ஆய்வாளர் மாக்ஸ் வஷோன் 1974இல் விரிவாக எழுதினார். ஒரு கைக்கு 39 அடிப்படை முடிகள் கொண்ட வகை, 37 கொண்ட வகை, 48 கொண்ட வகை என மூன்று. முதல் வகையில் செந்தேள் சேர்ந்த பூத்திடே குடும்பம். இரண்டாவதில் கெய்ரிலஸ் என்ற சின்னக் கூட்டம். வடகிழக்கு இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என்று பரவிக் கிடப்பவை. மற்ற எல்லாத் தேள்களும், நம் கருந்தேள் உட்பட, மூன்றாவது. முடி எண்ணும் இந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள் ஒரு தேளைக் கையில் எடுத்தவுடன் குடும்பத்தைச் சொல்லிவிடுவார்கள். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் இன்றும் களத்தில் உதவுவது அதுதான்.

அப்புறம் 1998இல் மத்திய ஆசியாவில், உஸ்பெகிஸ்தான் தஜிகிஸ்தான் பக்கம், சூடோகாக்டஸ் என்ற ஒரு தேளை விவரித்தார்கள். அதன் முடி அமைப்பு இந்த மூன்று வகையிலும் அடங்கவில்லை. நான்காவதாக ஒரு வகையை உருவாக்க வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளில் அதன் உறவுக்காரத் தேள்கள் லாவோஸ், வியட்நாம் குகைகளில் கிடைத்தன. சிலவற்றுக்குக் கண்ணே இல்லை. இந்த விசித்திரம்தான் எல்லாத் தேள்களிலும் பழைய கிளையோ என்று பேசிக்கொண்டார்கள்.

2003இல் சோலெக்லாடும் ஃபெட்டும் உடலமைப்பை வைத்துத் தேள்களின் வகைப்பாட்டை மேலிருந்து கீழ்வரை திருத்தி எழுதினார்கள். 2005இல் பிரெந்தினியும் வீலரும் அதற்கு ஒரு காரமான மறுப்பு வெளியிட்டார்கள். தலைப்பிலேயே வகைப்பாட்டு அராஜகம் என்ற குற்றச்சாட்டு இருந்தது. அறிவியல் இதழ்களில் இப்படி வெளிப்படையாகச் சண்டை போடுவதை அடிக்கடி பார்க்க முடியாது. இரு தரப்பும் கையில் வைத்திருந்தது அதே முடிகள், அதே பற்கள், மேலோட்டின் அதே மேடுகள். எந்தப் பண்புக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்பதில்தான் தகராறு.

ஒரு காலிலிருந்து ஒரு மரம் வரை

தேள் பிடிப்பது இரவு வேலை. புற ஊதா டார்ச் அடித்தால் தேளின் மேலோடு பச்சை கலந்த நீலத்தில் பளிச்சென்று ஒளிரும். வெறும் கண்ணுக்கு மண்ணோடு மண்ணாக இருந்தது பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். தோலுரித்துப் புதிதாக வந்த தேள் மட்டும் ஒளிராது. மேலோடு இறுகிய பிறகுதான் அந்தப் பொருட்கள் சேரும். நீண்ட இடுக்கியால் வாலைப் பற்றித் தூக்கிக் குப்பியில் போடுவார்கள். ஆய்வுக்கு ஒரு கால் போதும். அதை வெட்டி, செறிவான எத்தில் ஆல்கஹாலில் போட்டுக் குளிரில் வைப்பார்கள். மீதி உடல் எண்ணிட்ட மாதிரியாக அருங்காட்சியகத்துக்குப் போகும். இந்த இரண்டாவது பகுதியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் மாதிரி இல்லாத டி.என்.ஏ. வரிசை என்பது முகவரி இல்லாத கடிதம்தான். நாளைக்கு அந்த இனத்தின் அடையாளமே கேள்விக்குள்ளானால், திரும்பிப் போய்ப் பார்க்க உடல் வேண்டும்.

காலின் தசையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். கருவியில் குறிப்பிட்ட ஒரு துண்டைப் பெருக்குவார்கள். பெரும்பாலும் முதலில் எடுப்பது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள துண்டு. நீலகிரித் தேள் ஒன்றின் வரிசையையும் பொள்ளாச்சித் தேள் ஒன்றின் வரிசையையும் அடுத்தடுத்து அடுக்கினால், பெரும்பாலான இடங்களில் ஏ-க்கு நேராக ஏ, டி-க்கு நேராக டி என்று ஒத்துப்போகும். ஆங்காங்கே ஒன்றில் சி, மற்றதில் டி என்று மாறும். எந்தெந்த மாற்றங்களை எந்தெந்தத் தேள்கள் பகிர்ந்துகொள்கின்றன என்று கணினி கூட்டிப் பார்த்து, இந்த வரிசைகள் உருவாக எந்தக் கிளை அமைப்பு அதிகம் சாத்தியம் என்று மதிப்பிடும். அதுதான் பரிணாம மரம். கொள்கை அவ்வளவுதான், கஷ்டமெல்லாம் விவரத்தில்.

ஒரே மரபணுவை வைத்துப் போட்ட மரத்தை நம்ப முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. சி.ஓ.ஐ. வேகமாக மாறும். அண்டை மலைத் தேள்களைப் பிரித்துப் பார்க்க அது நல்லது. பல கோடி ஆண்டு தூரமுள்ள குடும்பங்களை ஒப்பிடும்போது அதே எழுத்து திரும்பத் திரும்ப மாறி, பழைய தடயமே அழிந்துபோயிருக்கும். அதனால் மெதுவாக மாறும் உட்கரு மரபணுக்களையும் சேர்த்தார்கள். அடுத்த கட்டமாக, ஒரு திசுவில் அந்த நேரத்தில் வேலை செய்யும் மரபணுக்கள் எல்லாவற்றையும் ஆர்.என்.ஏ. வழியாக ஒரே மூச்சில் படிக்கும் டிரான்ஸ்கிரிப்டோம் முறை வந்தது. தேளில் இதற்கு விஷச்சுரப்பி வசதி. முதலில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து விஷத்தைக் கறந்துவிடுவார்கள். சுரப்பி காலியானதும் அதை நிரப்ப மரபணுக்கள் மும்முரமாகும். ஓரிரு நாள் கழித்துச் சுரப்பியை எடுத்தால், விஷப் புரதங்களின் ஆர்.என்.ஏ. குவிந்து கிடக்கும்.

2015இல் விழுந்த மரம்

பிரசாந்த் ஷர்மாவும் கூட்டாளிகளும் 2015இல் வெளியிட்ட ஆய்வுதான் திருப்பம். தேள்களின் எல்லாப் பெருங்குடும்பங்களிலிருந்தும் மாதிரி எடுத்து, 5,025 மரபணுக்கள் வரை ஒப்பிட்டார்கள். கிடைத்த மரம், அதுவரை பாடப்புத்தகத்தில் இருந்த மரத்தோடு அடிப்படையிலேயே ஒத்துப்போகவில்லை. சூடோகாக்டஸும் கெய்ரிலஸும் தனித்தனிப் பழங்கிளைகள் அல்ல, பூத்திடே குடும்பத்தோடு சேர்ந்து ஒரே கிளையில் நிற்பவை என்றது அது. மற்ற எல்லாத் தேள்களும் எதிர்க்கிளை. நான்கு பெரும்பிரிவுகள் இரண்டாகச் சுருங்கின. வேறு சில குடும்பங்களை ஒரு பெருங்குடும்பத்திலிருந்து பிடுங்கி இன்னொன்றில் நட வேண்டியதாயிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளில் மாதிரிகள் கூடக் கூட, ஒரே குடும்பம் என்று நினைத்திருந்த சில கூட்டங்கள் இரண்டு மூன்று இடத்தில் சிதறுவதும் தெரியவந்தது.

முடி எண்ணிக்கை பொய் சொல்லியதா என்றால், அப்படிச் சொல்வதும் நியாயமில்லை. முடிகள் கூடுவதும் குறைவதும் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக நடந்திருக்கிறது. பாறை இடுக்கில் வாழும் தேள்கள் எந்தக் கிளையில் வந்தாலும் தட்டையாகிவிடும். மண்ணைத் தோண்டுபவை எங்கே பிறந்தாலும் குட்டையான தடித்த இடுக்கி வளர்த்துக்கொள்ளும். ஒரே பிழைப்பு, ஒரே தோற்றம்.

சில பழைய பண்புகளுக்கு மரபணு கைகொடுக்கவும் செய்தது. தேள்கள் எல்லாமே குட்டி போடுபவை. ஆனால் கரு வளரும் விதத்தில் இரண்டு வகை உண்டு என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கவனித்திருந்தார்கள். செந்தேள் போன்றவற்றில் மஞ்சள்கரு நிறைந்த முட்டை தாயின் உள்ளேயே வளரும். கருந்தேள் வகையில் முட்டைக்கு மஞ்சள்கருவே கிடையாது என்று சொல்லலாம். ஒவ்வொரு கருவும் தனிப் பையில் இருக்கும், தாயின் செரிமான உறுப்போடு நேரடித் தொடர்பு வைத்து அங்கிருந்து உணவை உறிஞ்சும். இந்த இரண்டாவது வகைப் பேறு, தேள் வரலாற்றில் ஒரே ஒரு முறைதான் தோன்றியது என்று 2015 ஆய்வின் எல்லாக் கணக்கீடுகளும் ஒரே குரலில் சொன்னன. எனக்கு அந்தக் கட்டுரையிலேயே பிடித்த இடம் இது. வெளியே தெரியும் தோற்றம் ஏமாற்றிய இடத்தில், உள்ளே மறைந்திருந்த கர்ப்பப்பை விஷயம் உண்மையைச் சொல்லியிருக்கிறது.

சரி, தேள்களுக்குள் உறவு இப்படி. தேளுக்கு வெளியே யார் சொந்தம்? நீண்ட காலம் தேளைச் சிலந்தி இனத்தின் மிகப் பழைய, தனித்த கிளையாக வைத்திருந்தார்கள். யூரிப்டெரிட் எனும் அழிந்துபோன கடல் விலங்குகள் தேள் சாயலில் இருந்ததால், கடலிலிருந்து தனியாகக் கரையேறிய வம்சம் என்ற எண்ணமும் இருந்தது. மரபணு தேளைச் சிலந்தியின் பக்கத்திலேயே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது. இதற்கு வெறும் எழுத்து ஒப்பீட்டைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. 2013இல் சீனத் தேள் ஒன்றின் முழு ஜீனோமை, அதாவது மொத்த டி.என்.ஏ.வையும் படித்தபோது 32,016 மரபணுக்கள் கிடைத்தன, அன்று படித்திருந்த கணுக்காலிகளிலேயே அதிகம். ஏன் இவ்வளவு? 2017இல் வீட்டுச் சிலந்தி ஒன்றின் ஜீனோமை அமெரிக்க மரப்பட்டைத் தேளின் ஜீனோமோடு ஒப்பிட்டபோது விடை தெரிந்தது. இரண்டின் பொது மூதாதையிலேயே ஜீனோம் முழுவதும் ஒருமுறை இரட்டித்திருக்கிறது. உடலின் எந்தப் பகுதியில் எந்த உறுப்பு என்று தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் இரண்டு தொகுப்புகளாக இருக்கின்றன. எழுத்து மாற்றம் தற்செயலாகத் திரும்ப வரலாம். ஜீனோமே இரட்டிப்பது அப்படி அடிக்கடி நடக்கிற சங்கதி இல்லை.

2021இல் போலித்தேளும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. பழைய புத்தகங்களுக்குள்ளும் மரப்பட்டைக்குள்ளும் திரியும், வாலில்லாத சின்னஞ்சிறு பிராணி. தேள் மாதிரி இடுக்கி மட்டும் இருக்கும். பெயரிலேயே போலி என்று ஒட்டிவிட்டார்கள். முந்தைய மரபணு மரங்கள் அதை உண்ணிகளின் பக்கம் தள்ளின. கூடுதல் மாதிரிகளையும், ஜீனோம் இரட்டித்ததன் தடயங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, அதுதான் தேளின் மிக நெருங்கிய உறவு என்று தெரிந்தது.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தல்

போலித்தேள் விஷயத்தில் முதலில் தவறியது டி.என்.ஏ.தான் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘டி.என்.ஏ. சொல்லிவிட்டது’ என்று எழுதும் பத்திரிகைச் செய்திகளில் எனக்கு உடன்பாடு இல்லாதது இதனால்தான். டி.என்.ஏ. எழுத்துகள் நாலே நாலு. மிக வேகமாக மாறும் இரண்டு வம்சங்கள் நெடுங்காலம் தனித்தனியே போனால், ஒரே இடத்தில் ஒரே எழுத்து தற்செயலாக வந்து அமர்வது குவிந்துகொண்டே போகும். கணினி அதை உறவு என்று நினைத்து இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடும். போலித்தேளும் உண்ணிகளும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டன. மரபணுக்களை ஆயிரக்கணக்கில் கூட்டினாலும் இந்தப் பிழை குறையாது; சில நேரம் பிழையின் மீதான நம்பிக்கைதான் கூடும். இடையிலுள்ள கிளைகளிலிருந்து புதிய இனங்களைச் சேர்ப்பதுதான் மருந்து.

ஜீனோம் இரட்டிப்பே இன்னொரு பொறி. ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதி இருந்தால், இந்தத் தேளின் முதல் பிரதியையும் அந்தத் தேளின் இரண்டாம் பிரதியையும் ஒப்பிட்டுவிடும் ஆபத்து உண்டு. அப்போது கிடைப்பது தேள்கள் பிரிந்த வரலாறு அல்ல, பிரதிகள் பிரிந்த வரலாறு. நல்ல ஆய்வுக்குழுக்கள் மரம் வரைவதைவிட இதைச் சலித்தெடுப்பதற்குத்தான் அதிக நேரம் செலவிடுகின்றன.

மைட்டோகாண்ட்ரியாவின் பலவீனம் வேறு. அது தாய்வழியில் மட்டுமே இறங்கும். பெண் தேள் பல இனங்களில் வளையை விட்டு அதிகம் நகர்வதில்லை. இனச்சேர்க்கைக் காலத்தில் அலைவது ஆண். ஆகவே சி.ஓ.ஐ. மட்டும் பார்த்தால், ஆண்கள் வழியாக மரபணு கலந்துகொண்டிருக்கும் இரண்டு குன்றுகளின் தேள்கள்கூட வெவ்வேறு இனம் போலத் தோன்றும். குன்றுக்கொரு புதிய இனம் அறிவிக்கும் ஆசை யாருக்கும் வரும். உட்கரு மரபணுவையும் உடலமைப்பையும் பார்க்காமல் வரும் அறிவிப்புகளைக் கொஞ்சம் ஆறப்போட்டுப் படிப்பது நல்லது.

காலக்கணிப்பில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். எழுத்து மாற்றங்களை ஆண்டுகளாக மாற்ற, வயது தெரிந்த புதைபடிவம் ஒன்றை மரத்தில் பொருத்த வேண்டும். 2020இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கிடைத்த ஒரு புதைபடிவத்துக்குப் பாரியோஸ்கார்பியோ என்று பெயர் வைத்து, 43.7 கோடி ஆண்டுப் பழமையான, உலகின் மூத்த தேள் என்று அறிவித்தார்கள். உலகமெங்கும் செய்தி ஓடியது. அடுத்த ஆண்டே வேறொரு குழு, அது தேளே இல்லை என்று காட்டியது. அதை ஆணியாக அடித்து மரத்தைத் தொங்கவிட்டிருந்தால் எல்லாக் கிளையின் வயதும் நகர்ந்திருக்கும்.

இந்தியா சுமந்து வந்த தேள்கள்

திரும்பக் கருந்தேளுக்கு வருவோம். லோரியாவும் பிரெந்தினியும் தங்கள் மரத்துக்கு வயது குறித்து, எந்தக் கிளை எந்த நிலப்பரப்பில் இருந்திருக்கும் என்று கணித்தார்கள். வகைப்பாட்டைவிட சுவாரசியமான கதை அங்கேதான் இருக்கிறது.

கருந்தேள் சேர்ந்த ஸ்கார்பியோனிடே குடும்பத்தின் மற்ற பெரிய தலைகள் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் பேரரசத் தேள் அவற்றில் பிரபலமானது. வளர்ப்புப் பிராணிக் கடைகளில்கூட விற்பார்கள். இந்தியத் துணைக்கண்டம் கோண்ட்வானா என்ற பழைய தென்பெருங்கண்டத்திலிருந்து கழன்று, கிரெட்டேசியக் காலத்தில் தனித் தீவாக வடக்கே நகர்ந்தபோது, கருந்தேள்களின் மூதாதைகளும் ஆப்பிரிக்கச் சொந்தங்களிடமிருந்து பிரிந்தன. 6.6 கோடி ஆண்டுக்கு முன் டைனோசர்களை அழித்த பேரழிவில் கருந்தேள்களின் பரப்பும் சுருங்கியது. ஒரு கிளை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் ஒதுங்கிப் பிழைத்தது என்பது அவர்கள் கணிப்பு. இதே காலகட்டத்தில்தான் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரவிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால், தெற்கு மலைகள் புகலிடமானதில் ஆச்சரியம் இல்லை.

பிறகு இந்தியா ஆசியாவை நெருங்க நெருங்க, இங்கிருந்து கருந்தேள்கள் தென்கிழக்கு ஆசியாவுக்கு மூன்று தடவை குடியேறியிருக்கின்றன. முதல் தடவை, இந்தியத் தட்டு சுமத்ராவின் மேற்கு ஓரத்தை உரசிச் சென்ற கட்டத்தில். மற்ற இரண்டும் அதற்குப் பின்னால். தாய்லாந்து, மலேசியா, ஜாவா காடுகளில் இன்று உலவும் கருந்தேள்களின் முன்னோர் நம் பக்கத்திலிருந்து போனவர்கள். ஒரே தடவை போய்ப் பெருகியதாக இருந்தால் எல்லாத் தென்கிழக்கு ஆசியத் தேள்களும் மரத்தில் ஒரே கொத்தாக நிற்க வேண்டும். அவை மூன்று கொத்துகளாக, இந்தியக் கிளைகளுக்கு இடையிடையே நிற்கின்றன. மூன்று பயணம் என்ற முடிவு அதிலிருந்துதான் வருகிறது. பழைய பெயரை ஏழாக உடைக்க வேண்டியிருந்ததும் அதனால்தான்.

விஷம் எந்தக் கிளையில்?

பெரிய கருந்தேள் பார்க்கத்தான் பயங்கரம். சின்னச் செந்தேள்தான் ஆளைக் கொல்லும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். மரத்தில் பார்த்தால், இவை இரண்டும் தேள் வம்சத்தின் முதல் பிளவிலேயே எதிரெதிர்ப் பக்கம் போனவை. டைனோசர்கள் தோன்றும் முன்பே அந்தப் பிளவு நடந்துவிட்டது என்பது மரபணுக் கடிகாரத்தின் கணிப்பு. மனிதருக்கு ஆபத்தானவை என்று கணக்கிடப்பட்ட தேள் இனங்களில் ஏறக்குறைய அனைத்தும் பூத்திடே குடும்பம். முக்கியமான விதிவிலக்கு, ஈரானில் கொட்டிய இடத்துச் சதையையே அழுகவைக்கும் ஹெமிஸ்கார்பியஸ்.

2022இல் சாந்திபானியெஸ்-லோபெஸ், ஷர்மா முதலியோர் சுமார் 100 தேள்களின் விஷச்சுரப்பி டிரான்ஸ்கிரிப்டோம்களையும் ஜீனோம்களையும் சேர்த்துப் பூத்திடே குடும்பத்தின் மரத்தை வரைந்தார்கள். பாலூட்டிகளின் நரம்பில் சோடியம் நுழையும் வழியைக் குறிவைக்கும் நச்சுகள் பெருகிய காலமும், தேள் தின்னும் பாலூட்டிகள் பெருகிய காலமும் ஒத்துப்போவதாகச் சொன்னார்கள். அப்படியானால் அந்த நச்சு முதலில் மூஞ்சூறு, எலி, வௌவால் வகையறாவுக்கு எதிரான தற்காப்பு. நாமும் பாலூட்டி என்பதால் நமக்கும் வலிக்கிறது.

நம் செந்தேளுக்கு 1798இல் ஃபாப்ரிசியஸ் ‘தமுலஸ்’ என்று இனப்பெயர் வைத்தார். பேரினப் பெயர்தான் இடம் மாறிக்கொண்டே இருந்தது. பூத்தஸ், மீசோபூத்தஸ், 2007க்குப் பிறகு ஹாட்டன்டோட்டா. மருத்துவக் கட்டுரைகளில் இன்னும் மீசோபூத்தஸ் என்ற பெயர் தட்டுப்படும். 1900இல் பொகாக் இதற்குள் கொங்கண், குஜராத், கங்கை, சிந்து என்று ஊர்ப் பெயரில் வகைகள் பிரித்திருந்தார். பின்னால் வந்தவர்கள் அவற்றை ஒன்றாக்கிவிட்டார்கள். மறுபடியும் அதே பழைய தகராறு. இந்த முறை விளைவு லேபிளோடு நிற்காது. மகாராஷ்டிரத்தின் மகாட்டில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980களில் பிரசோசின் மாத்திரையால் செந்தேள் கடிக்குச் சிகிச்சை அளித்து இறப்பைப் பெருமளவு குறைத்தார். பிரசோசினோடு விஷமுறிவு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் குணமாவது விரைவாகிறது என்று 2011இல் அவரே காட்டினார். பிரசோசின் நம் இரத்தக்குழாயில் வேலை செய்வது. எந்த ஊர்த் தேள் என்பது அதற்குப் பொருட்டல்ல. விஷமுறிவு மருந்து அப்படி அல்ல. அது எந்தத் தேளின் விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தித் தயாரித்தார்களோ அந்த விஷத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். மேற்கு இந்தியாவின் செந்தேளுக்கும் தென்னிந்தியச் செந்தேளுக்கும் விஷப் புரதங்களில் வேறுபாடு பதிவாகியிருக்கிறது. இந்தியப் பூத்திடே தேள்களின் முதல் மூலக்கூறு மரம் வெளியானதோ 2017இல்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இந்தச் செந்தேள் இருக்கிறது. அங்கே அது கொட்டி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றிய விரிவான மருத்துவ ஆய்வு 2015இல் வெளிவந்தது. இலங்கையில் வேறெங்கும் பெரிதாகப் பேசப்படாத தேள் வடக்கு முனையில் மட்டும் எப்படி? மூன்று வழி இருக்கலாம். மிகப் பழங்காலத்திலிருந்தே அங்கே இருந்திருக்கலாம். கடைசிப் பனியுகத்தில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, பாக் நீரிணை தரையாகக் கிடந்தபோது நடந்து போயிருக்கலாம். அல்லது சரக்குத் தோணியில் ஓட்டுக்கும் செங்கலுக்கும் இடையில் ஒளிந்து, நேற்று முந்தாநாள் போயிருக்கலாம். மூன்றும் டி.என்.ஏ.வில் மூன்று விதமாகத் தெரியும். முதலாவது என்றால் யாழ்ப்பாணத் தேள்கள் தமிழ்நாட்டுத் தேள்களிலிருந்து தெளிவாக விலகி, தனிக் கொத்தாக நிற்கும். இரண்டாவது என்றால் வித்தியாசம் சிறியதாக, ஆனால் இருபுறமும் பலவகை வரிசைகளோடு இருக்கும். தோணியில் போனது என்றால், தமிழகக் கரையில் இருக்கும் பல வரிசைகளில் ஒன்றிரண்டு மட்டும் அச்சு மாறாமல் யாழ்ப்பாணத்தில் கிடைக்கும். மூன்றாவது விடை வந்தால், அங்குள்ள மருத்துவர்கள் இந்திய மருந்தைக் கூடுதல் நம்பிக்கையோடு சோதித்துப் பார்க்கலாம். முதலாவது வந்தால் அந்தத் தேளின் விஷத்தைத் தனியாகவே ஆராய்ந்தாக வேண்டும்.

இதற்கு ஆயிரம் மரபணுக்கள் தேவையில்லை. வேதாரண்யம், இராமநாதபுரம், பருத்தித்துறைப் பக்கமிருந்து போதுமான தேள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கால், ஒரு சி.ஓ.ஐ. துண்டு, சரிபார்க்க உட்கரு மரபணு ஒன்றிரண்டு. நடுவில் கடல் மட்டுமல்ல, சட்டமும் இருக்கிறது. 2002ஆம் ஆண்டு உயிரிப்பல்வகைமைச் சட்டப்படி வெளிநாட்டு ஆய்வாளர் இந்திய மாதிரியைத் தொடுவதற்கு முன் சென்னையில் இருக்கும் தேசிய உயிரிப்பல்வகைமை ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த நடைமுறைக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு சுலப வழி உண்டு. கால்கள் அவரவர் கரையிலேயே இருக்கட்டும். இருபுறமும் தனித்தனியாகப் படித்து, வரிசைகளைப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டுவிட்டால் ஒப்பிடுவது ஒரு மாலை நேர வேலை.